முக்கால் முழத் தமிழ்க் கார்டு

ஆடி பிறந்தால் கல்யாண மண்டபக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். செல்வமேரிக்கு அப்போதுதான் மூச்சு முட்டும். ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கிறவர்கள் ஆடியிலேயே வந்து வாசலில் நிற்பார்கள். போதாததற்கு அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நோட்டீஸ், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்தின் நோட்டீஸ், நடுவில் யாராவது மண்டையைப் போட்டால் கண்ணீர் அஞ்சலி. அத்தனையையும் அஸ்தினாபுரத்தில் அவள் வீட்டு முன்னறையில் இருந்த ஒற்றைக் கம்ப்யூட்டர்தான் தமிழில் அடித்துக் கொடுத்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பெட்டி கண்ணைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் இருட்டாகவே கிடந்தது. செல்வமேரி போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். சிலுவைக்குறி போட்டுக்கொண்டும் ஒரு தரம் போட்டுப் பார்த்தாள்.

அவள் புருஷன் சவுரிமுத்து தாம்பரம் ரயில்வே கார் ஷெட்டில் ஃபிட்டர். டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஃபேன் சுத்துது பாரு. அப்ப உசிரு கீதுன்னுதானே அர்த்தம்?"

"உசிரு இருந்தா மூஞ்சி தெரியணும்ல?"

"எல்லாம் உன்னாலதான். ஞாயித்துக்கெழம ஃபாதர் வூடு மந்திரிக்க வந்தாரு. செவுத்துல தெளிச்சமா, போனமான்னு போயிருப்பாரு. நீ சும்மா இருந்தியா? சாமி, இதான் எங்களுக்கு சோறு போடுது, இதுமேலயும் ரெண்டு தெளிங்கன்னு நீதானே காட்டுன?"

"ரெண்டு சொட்டுதானே கேட்டேன்!"

"அவுரு கை தாராளமான கை. குளிப்பாட்டி வுட்டுட்டாரு."

சொல்லிவிட்டு மனுஷன் டியூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தெளித்த தீர்த்தம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் எங்கே போய்ப் படுத்திருந்தது என்று அவரும் யோசிக்கவில்லை, இவளும் யோசிக்கவில்லை. தீர்த்தத்தைக் கேட்டு வாங்கித் தொழிலைக் கெடுத்துக்கொண்டவள் என்று சர்ச் பங்கிலே செல்வமேரிக்குப் பேர் வந்துவிட்டால் கோயிலுக்கு எந்த முகத்தோடு போவது? பக்கத்துப் போன் பூத்துக்கு ஓடி அயூப்பைக் கூப்பிட்டாள்.

அயூப் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். வீடு இவர்களுக்கு அடுத்த தெரு. அவன் அம்மா அக்தர் பேகத்துக்கும் செல்வமேரிக்கும் நல்ல பழக்கம், 'பூபூ' என்றுதான் கூப்பிடுவாள். அவன் தங்கை சபீஹாவின் நிக்காஹ் பத்திரிகைகூட இந்தப் பெட்டிக்குள்ளேதான் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதனாலோ என்னவோ, கூப்பிட்ட கையோடு டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினான்.

"இன்னாக்கா, படுத்துகிச்சா?"

"அயூப்பு, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. தண்ணி பட்டா இது போயிடுமா?"

"இன்னா தண்ணி?"

"நல்ல தண்ணிதான்" என்று மென்று விழுங்கினாள்.

அயூப் திருப்புளியால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை உருவினான். ஏழெட்டு வருஷமாக அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு நாள்கூட உள்ளே பார்த்ததில்லை. இப்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தூசி பஞ்சு பஞ்சாய் அடைந்திருந்தது. அடியில் பெரிய பச்சைத் தட்டு ஒன்று, அதன்மேல் கறுப்பு கறுப்பாய்ச் சில்லுகள், மெல்லிசு மெல்லிசாய் வழித்தடங்கள். தையல் தெரிந்த கண் அவளுக்கு. கோடு எங்கே கிளம்பி எங்கே போகிறதென்று விரலாலேயே தொடர்ந்து போய்ப் பார்த்தாள். பயந்துகொண்டிருந்தவளுக்குப் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"இதுதான் மதர்போர்டா?"

"ஆமாக்கா. மீதி எல்லாம் இதுமேலதான் குந்திகினு கீது. இங்க பாரு." அயூப் தட்டின் ஓரத்தைக் காட்டினான். கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு நீலக் குப்பி இருந்தது. அதைச் சுற்றிக் கழுவாத பித்தளைச் சொம்பில் பூக்கிற களிம்பு மாதிரி பச்சையாய்ப் பூத்து, பக்கத்துத் தடங்களையெல்லாம் அரித்துத் தின்றிருந்தது. "பேட்டரி கக்கிடுச்சு. இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ரெண்டு வருசமா உள்ளாற தின்னுகினே இருந்துருக்கு."

"அப்ப தண்ணியால இல்லையே?"

"எந்தத் தண்ணிக்கா? வந்ததுலருந்து தண்ணி தண்ணின்றே!"

செல்வமேரிக்கு மனசு லேசானது. ஃபாதரிடம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அயூப்புக்கு டீ போட்டு, தொட்டுக்கொள்ள ரெண்டு பொறை ரொட்டியும் தட்டில் வைத்தாள்.

அதற்குள் அயூப் பெட்டிக்குள்ளிருந்து நீளமாய் ஒன்றை உருவி எடுத்திருந்தான். முக்கால் முழ நீளம், ஒரு கை அகலம். அதுதான் தமிழ்க் கார்டு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ்தான் தெரியும். அதற்குத் தமிழ் பேச வரவேண்டுமென்றால் இந்தக் கார்டை உள்ளே சொருக வேண்டும். செய்த கம்பெனிக்காரன் எப்போதோ செய்வதை நிறுத்திவிட்டான்.

"இதுக்கு ஒண்ணும் ஆவலக்கா. ஹார்ட் டிஸ்க்கும் நல்லாக் கீது. ஆனா சொல்லிட்டேன், இந்தக் கார்டு போச்சுன்னா எங்க சுத்துனாலும் இன்னொண்ணு கெடைக்காது."

"இப்பதான் விண்டோஸ்லயே தமிழ் எழுத்து வருதாமே?"

"வருது. ஆனா நீ அடிச்சி வச்சது ஒண்ணுகூட அதுல தொறக்காது. இந்தக் கார்டு எழுதுனத இந்தக் கார்டுதான் படிக்கும்."

செல்வமேரி வேலை செய்கிற விதம் அப்படி. ஒரு வீட்டுக்குப் பத்திரிகை அடித்தால் அதை அழிக்க மாட்டாள். அடுத்த பெண்ணுக்கு வரும்போது, 'பெரியவளுக்குப் போட்ட மாதிரியே போடும்மா, பேரை மட்டும் மாத்து' என்பார்கள். தாத்தா பேர், குலதெய்வம், மாமன்மார் வரிசை, யார் பேரை விட்டால் சண்டை வரும் என்பது உட்பட ஊர்க் குடும்பங்கள் பாதி அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அதனால்தான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏசி போட்ட கடை வந்தும் ஜனங்கள் இவள் வாசலை விடவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். குனிந்து குனிந்து இடுப்பு போய், சூப்பர்வைசரிடம் ஒன்றுக்குப் போகக்கூட அனுமதி கேட்டு நின்ற காலம் அது. தமிழ் வராவிட்டால் திரும்பவும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

"சரி, இப்ப இன்னா பண்ணலாம்?"

"பேஜாரே இல்லக்கா. இதே மாதிரி பழைய போர்டு ஒண்ணு கடைல கீது. பல்லாவரத்துல ஒரு ஆபீஸ்ல கழட்டுனது. நாளைக்கே மாட்டிடறேன், நாளைக்கே தமிழ் வரும்."

செல்வமேரி சரி என்று சொல்ல வாய் திறந்தாள். மகள் கிருபா நினைவுக்கு வந்தாள். தாம்பரத்துக் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாம் வருஷம்.

"அதுல கிருபா பாடம் ஓடுமா?"

"அதெப்டி ஓடும்? அவ காலேஜ் சாஃப்ட்வேர்லாம் இந்தப் பழசுல ஏறாது. அதுக்கு பென்டியம் போர்டு வோணும்."

"அந்த பென்டியத்துல என் கார்ட சொருவலாமா?"

"அங்கதான்கா பேஜாரு. இப்ப வர்ற கார்டுங்கல்லாம் குட்டி குட்டியா கீது. பழைய கார்டுக்குக் குழி இன்னும் வச்சிருக்கான், இல்லன்னு சொல்லல. ஆனா இத்த மாதிரி நீட்டுக் கார்டுக்கு எதிர்லயே சிப்பு மேல ஒரு ஃபேன கொண்டாந்து குந்த வச்சிடறான். இடிக்கும். இடிக்காம நுழைஞ்சாலும் ஓடுமான்னு நம்ம கைல இல்ல. பழசயே போடுக்கா. ஊரப்பாக்கத்துல ஒர்த்தரு அந்த போர்ட கேட்டுகினு கீறாரு. நீ சொன்னா உனக்கு எடுத்து வைக்கறேன்."

"சாயங்காலம் சொல்றேன்" என்றாள்.

சாயங்காலம் கிருபா காலேஜிலிருந்து வந்தாள். ஒல்லிப் பெண், சத்தம் வராமல் பேசுகிறவள். மூடி கழற்றிய பெட்டியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். காலேஜ் லேபில் ரெண்டு பேருக்கு ஒரு மெஷின், அதுவும் கை வைப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் அவள் ப்ரோகிராமைப் பென்சிலால் எழுதி வாயாலேயே ஓட்டிப் பார்ப்பாள். இப்போ ஐ ஒண்ணு, இப்போ ஐ ரெண்டு, இல்ல, தப்பு, மறுபடி ஐ ஒண்ணு. பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து தன் பாடத்தை ஓட்டவேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாளா? கேட்டதில்லை. எல்லோர் வீட்டுப் பெண்ணும் வளையல் கேட்கும், துணி கேட்கும். இவள் கேட்காமல் கேட்காமலே வளர்ந்துவிட்டாள். நெத்திலிக் கருவாட்டை அலசிக்கொண்டிருந்த செல்வமேரி அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ரெண்டு போர்டு வாங்க வீட்டில் வழியில்லை. ஒன்றுதான். எது என்பதை அவள்தான் சொல்லவேண்டும்.

கையைக் கழுவிவிட்டுப் பூத்துக்குப் போனாள்.

"அயூப்பு, அந்தப் பழைய போர்ட ஊரப்பாக்கத்துக்காரருக்கே குடுத்துடு."

"யக்கா! யோசிச்சியா? அப்பறம் அழுதா வராது."

"யோசிச்சிட்டேன்."

யோசித்தாள்தான், ஆனால் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சவுரிமுத்து குதிப்பார், கிருபா வேண்டாம் என்பாள். இன்னொன்றும் உண்டு, அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு. புதுத் தட்டு எப்படி இருக்கும், அதில் கோடுகள் எப்படி ஓடும் என்று பார்த்தே தீரவேண்டும் போலிருந்தது.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்பிள்ளைகள் யாராவது டெய்லரிடம் இஞ்சுக் கணக்கு சொல்கிறார்களா? நன்றாக உட்கார்ந்த பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கென்று சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். செல்வமேரியும் அதைத்தான் செய்தாள். கார்டைத் தூக்கிக்கொண்டு ரயில் கூட்டத்தில் போனால் உடைந்து வைக்கும். பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து, கார்டை அதன்மேல் படுக்கவைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, தையல் கத்தரியால் வெட்டினாள். அடியில் குழிக்குள் இறங்குகிற பல்லைக்கூட விடாமல் வெட்டினாள். மேலே பாதி வேளாங்கண்ணி மாதா, கீழே ஆறு தேதிகள். அளவு தயார்.

சனிக்கிழமை அம்மாவும் மகளும் குரோம்பேட்டையில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, கூவம் பாலத்தைத் தாண்டி ரிச்சி தெருவுக்கு நடந்தார்கள். முதல் நாள் மழை பெய்து தெரு முழுக்கச் சேறு. தலைக்கு மேலே ஒயர், காலுக்குக் கீழே ஒயர். கடைவாசலில் ரேடியோ குடல், டிவி குடல், என்னவென்றே தெரியாத குடல்கள். செல்வமேரிக்கு ஒவ்வொரு கடையிலும் நிற்கவேண்டும் போலிருந்தது.

"அது இன்னாடி, தேன்கூடு மாதிரி கீது?"

"ஹீட் சிங்க்மா. சூட்டை இழுக்கும். வாம்மா, போர்டு கடை அந்தப் பக்கம்."

முதல் கடையில் பையன்கள் நாலு பேர். அவள் பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்ததும் ஒருத்தன் சிரித்தேவிட்டான்.

"இன்னா மேடம், அளவு ஜாக்கெட்டா?"

"ஆமாம்பா. இது போட்டுப் பாத்து சரியா வர்ற போர்டா குடு."

"மேடம், போர்ட பேரு சொல்லிக் கேப்பாங்க, ஸ்பீடு சொல்லிக் கேப்பாங்க. காலண்டர் காட்டி யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன்ல? எடு."

கிருபாவுக்கு வெட்கமாக இருந்தது. நகத்தைக் கடித்தபடி தெருவைப் பார்த்தாள். பையன் எடுத்துவைத்த போர்டில் செல்வமேரி அட்டையைச் சொருகினாள். வெள்ளைக் குழி புதுக் கார்டுக்கு, கறுப்புக் குழி பழைய கார்டுக்கு என்று அயூப் சொல்லியிருந்தான். கறுப்புக் குழியில் பல் இறங்கியது. ஆனால் மறுமுனை காற்றாடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த கடையிலும் முட்டியது. அதற்கடுத்த கடையில் காற்றாடி தப்பித்தது, மெமரி சொருகுகிற இடத்தில் இடித்தது. ஒவ்வொரு தரம் முட்டும்போதும் செல்வமேரி சலித்துக்கொள்ளவில்லை, கேள்விதான் கேட்டாள். சிப்பை ஏன் இங்கே வைத்தான்? அந்தப் பக்கம் வைத்தால் என்ன? கேட்டுக் கேட்டுக் கடைக்காரர்கள் ஓய்ந்துபோனார்கள்.

தெரு முடிகிற இடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடை. ஸ்ரீரங்கன் என்று ஒருவர், நெற்றியில் ஒற்றைச் சூர்ணம், முழுக்கைச் சட்டை. அவர் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா கார்டு இது, இவ்வளவு நீளம்?"

"தமிழ்க் கார்டு சார். இது இருந்தாதான் எனக்குத் தமிழ் வரும்."

"அடடே! இந்தக் காலத்துல இன்னும் வச்சிருக்கீங்களா?" அவருக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. அலமாரியிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக இறக்கினார். ரெண்டு போர்டு முட்டியது. மூன்றாவதில் சிப்பு உட்காரும் இடம் தள்ளி மூலையில் இருந்தது. காற்றாடியைப் பொருத்திக் காட்டினார். செல்வமேரி அட்டையைச் சொருகி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். அட்டைக்கும் காற்றாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"நுழைஞ்சிடுச்சு!" என்று கத்திவிட்டாள். தெருவில் போனவன் திரும்பிப் பார்த்தான்.

"இதுல உங்க பழைய பெட்டி, பழைய கீபோர்டு எல்லாமே சேரும். ஆனா ஒண்ணு சொல்லிடறேம்மா" என்றார் ஸ்ரீரங்கன். "நுழையறது வேற, ஓடறது வேற. அதுக்கு நான் பொறுப்பில்ல. வித்த சரக்கைத் திரும்ப எடுக்கவும் மாட்டேன்."

கிருபா அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"மா, பழைய போர்டு எங்கயுமே கெடைக்கலியா? கெடைச்சா அதையே வாங்கிடலாம்மா. இது ஓடலன்னா உன் வேலை போயிடும்."

"கெடைக்கலடி. அயூப்பு தேடிப் பாத்துட்டான். எங்கயும் இல்லியாம்."

இவ்வளவு நாள் பத்திரிகைகளில் ஊர்ப் பெருமையெல்லாம் அடித்துத் தள்ளிய கை அவளுடையது. ஆனாலும் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது சிவந்துவிட்டது. கிருபா போர்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அயூப் பெட்டியோடு உட்கார்ந்தான். சவுரிமுத்துவுக்கு ஓய்வு நாள். பக்கத்தில் குந்தி டார்ச் அடித்தார். அக்தர் பேகமும் வந்துவிட்டார். மகள் பத்திரிகைக்காக அச்சாபீஸ்காரன் அன்று சாயங்காலம் வரைக்கும்தான் காத்திருப்பேன் என்று சொல்லியிருந்தான்.

"மேரி, மாப்பிள வூட்டுல உருதுல ஒண்ணு, இங்கிலீசுல ஒண்ணு அடிச்சிட்டாங்க. எனக்கு அதுல ஒண்ணும் படிக்கத் தெரியாது. எம் பொண்ணு பத்திரிகைய நான் படிக்கணும்மா. அதுக்குத்தான் கெடந்து அடிச்சிக்கிறேன்."

"வரும் பூபூ. வராம எங்க போவும்?" என்றாள் செல்வமேரி.

அயூப் பழைய தட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தான். கரண்ட் ஒயர் ரெண்டு கொத்து. "கறுப்பும் கறுப்பும் நடுவுல சேரணும்ணே, மாத்திட்டா பொகைதான்" என்று சவுரிமுத்துவுக்குச் சொல்லிக்கொண்டே சொருகினான். கடைசியில் தமிழ்க் கார்டை எடுத்து இறக்கினான். காற்றாடியை உரசுவேன் உரசுவேன் என்று போய், உரசாமல் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார்கள். திரை விழித்தது. பழைய பெட்டி ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டதை இது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது. கிருபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்வமேரி சபீஹாவின் பத்திரிகையைத் திறந்தாள். எழுத்துகள் வந்தன. எப்படி வந்தன? கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளிகள் மட்டும் தனியாக மேலே பறந்தன. பாதி எழுத்தைக் காணவே காணோம். அக்தர் பேகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா இது, மாவரைச்ச மாதிரி கீது?"

அயூப் கார்டைக் கழற்றித் துடைத்துச் சொருகினான். வேறு கறுப்புக் குழியில் போட்டான். அதேதான். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். வேர்த்து ஊற்றிய எரிச்சலில் திருப்புளியைத் தரையில் போட்டான்.

"நான் அன்னிக்கே தலபாடா அடிச்சிகினேனேக்கா! பழைய போர்டு என்னாண்டயே கீது, நாளைக்கே தமிழ் வரும்னு. நீதானே ஊரப்பாக்கத்துக்காரருக்குக் குடுத்துடுன்ன?"

சவுரிமுத்து டார்ச்சை அணைத்தார். கிருபா அம்மாவைப் பார்த்தாள்.

"கெடைக்கலன்னு சொன்னியே."

செல்வமேரி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது இருந்தா உன் வேலை நடந்திருக்கும். மறுபடி கார்மென்ட்ஸுக்குப் போகப்போறியா? இடுப்ப வச்சிகினு நிப்பியா அங்க?" சத்தமே வராத பெண்ணுக்குக் குரல் கிறீச்சிட்டது. "எனக்காகவா வாங்குன? நான் கேட்டேனாம்மா?"

"நீ கேக்கல. கேக்கவே மாட்டேன்றியேன்னுதான் வாங்கினேன்."

கிருபா அழுதுவிட்டாள். செல்வமேரிக்கும் அழுகை வந்தது, ஆனால் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சவுரிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்தர் பேகம் கையைக் காட்டி அவரை அமர்த்தினார்.

செல்வமேரி எதையாவது செய்யவேண்டுமே என்று ஒரு எழுத்தை அடித்தாள். உடைந்து வந்தது. இன்னொன்று அடித்தாள். உடைந்து வந்தது.

"அயூப்பு, கரண்ட் கம்மியா போவுதோ?"

"இல்லக்கா."

"கார்டு சூடாவுதோ?"

"இல்லக்கா, தொட்டுப் பாத்தேன்."

"கம்பெனில புதுமெஷின் வந்தப்ப வேகம் தாங்காம நூலு வுட்டு வுட்டுத் தைக்கும். அது மாதிரி இருக்குமோ? இத மெதுவா ஓட்ட முடியாதா?"

அயூப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பென்டியம் வாங்கிட்டு மெதுவா ஓட்டணும்ன்ற ஆளு உலகத்துலயே நீ ஒர்த்திதான்கா. முன்ன மாதிரி அதுக்கு பட்டன்லாம் இப்ப கெடையாது."

கிருபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். போர்டோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அது எந்த ஊர் இங்கிலீஷோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். உதட்டை அசைத்து அசைத்து வாசித்தாள். பிறகு பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். திரை வந்ததும் கீபோர்டில் ஒரு சாவியை அமுக்கிப் பிடிக்க, நீலநிறத்தில் ஒரு பக்கம் விரிந்தது.

"அண்ணா, ஸ்பீடுக்குன்னு கேஷ் மெமரி ரெண்டு இருக்கு. ரெண்டையும் அணைச்சா?"

"அணைச்சா எரும மாதிரி ஆயிடும் பாப்பா. அந்த மெமரிதான் அதுக்கு வேகமே." சொல்லிவிட்டு அயூப் நிறுத்தினான். கழுத்தைச் சொறிந்தான். "அட, அணைச்சிதான் பாரேன்."

கிருபா ரெண்டையும் அணைத்தாள். பெட்டி ஆடி அசைந்து எழுந்தது, பழைய பெட்டியைவிடக் கொஞ்சம் மந்தமாகவே எழுந்தது. செல்வமேரி பத்திரிகையைத் திறந்தாள். மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. கொம்பு கொம்பாக வந்தது, கால் காலாக வந்தது, புள்ளிகள் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன.

அக்தர் பேகம் திரைக்குப் பக்கத்தில் வந்து விரலை வைத்து வாசித்தார். "எங்கள்... அன்பு... மகள்... சபீஹா..." முழுசாய் வாசித்து முடித்து, செல்வமேரியின் தலையை ரெண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டார். சவுரிமுத்து அப்போதுதான் மூச்சு விட்டார். "என்னாண்டகூட சொல்லலியே நீ" என்று ஒரே ஒரு தரம் முறைத்துவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிவரத் தூக்குச்சட்டியோடு போனார். கோபமாகத்தான் போனார். வடையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பத்திரிகையை அச்செடுத்துக் கொடுத்து, அவர்களை அனுப்பிவிட்டு வந்தால், கிருபா தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மா, இது இப்படியே இருக்கட்டும். நான் லேப்ல பாத்துக்கறேன்."

"துடைப்பத்தப் போடுடி" என்றாள் செல்வமேரி. "அணைச்சத மறுபடி ஏத்த முடியுமில்ல?"

"முடியும். ஒவ்வொரு தடவையும் மாத்தணும்."

"மாத்து. நான் உக்காந்தா அது நடக்கட்டும், நீ உக்காந்தா ஓடட்டும். எவ்ளோ வேகமா ஓடும்னு எனக்குப் பாக்கணும்."

கிருபா மாற்றினாள். காலேஜில் கொடுத்திருந்த ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டாள். கீபோர்டில் கை வைக்கத் தயங்கி, பிறகு பத்துப் பன்னிரண்டு வரி அடித்தாள். ஒரு சாவியைத் தட்டினாள். திரை நிறைய எண்கள் குபுகுபுவென்று மேலேறிப் போய் நின்றன.

செல்வமேரி பயந்து பின்னால் சாய்ந்தாள். "இன்னாடி பண்ணுச்சு?"

"ஆயிரம் வரைக்கும் ஒவ்வொரு நம்பரையும் எடுத்து, எதாலயாவது வகுபடுதான்னு பாத்துச்சும்மா. எதாலயும் வகுபடாததை மட்டும் எழுதியிருக்கு."

"ஒவ்வொண்ணையும் வகுத்துப் பாத்துச்சா? இப்பவா? நான் மூச்சு வுடறதுக்குள்ளயா?"

"இப்பதான்மா."

"நான் பாக்கறதுக்குள்ள போயிடுச்சு. மறுபடி போடு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இரு இரு. மொதல்ல அந்த வரி இன்னா சொல்லுதுன்னு சொல்லு. அந்த ஐ, ஐன்னு முணுமுணுப்பியே, அது யாரு?"

கிருபா சிரித்தாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்றோ! அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பொன்னியம்மன் கோயில்காரர் கூழ் வார்க்கிற நோட்டீசுக்கு வந்திருந்தார். மெஷின் சரியாகிவிட்டதென்று தெருவில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "யம்மா செல்வமேரி! நம்ம நோட்டீசு ஆச்சா?" என்று குரல் கொடுத்தார்.

செல்வமேரி திரும்பிப் பார்க்கவில்லை.

"செத்த அப்டி உக்காருங்க" என்றாள். "படிச்சிகினு கீறேன்."